உபயப் பதிவேடு

பழங்காநத்தம் தருமோபகார சபை மேல்நிலைப் பள்ளியின் மின்விசிறிகளில், இறக்கைக்கு ஒன்றாக மூன்று பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். விசிறி சுற்றினால் பெயரைப் படிக்க முடியாது என்பதால், பெயருக்குரியவர்கள் வந்திருக்கும்போது அதைச் சுற்றவிடுவதில்லை. குழல்விளக்குகளில் பெயர் எழுதியது போக மீதி இடத்தில் வெளிச்சம் வரும். தண்ணீர்த் தொட்டி ஒருவர் உபயம். தொட்டியோடு கட்டியிருந்த டம்ளர் இன்னொருவர் உபயம். டம்ளரைக் கட்டிய சங்கிலிக்கு மூன்றாவது ஒருவர். கரும்பலகையின் நான்கு ஓரங்களையும் பெயர்கள் பிடித்துக்கொண்டதால், நடுவில் இருந்த இடத்தில் சிறிய கணக்குகளை மட்டும் போடலாம்.

கொடுத்தவர் பெயரோடு ‘உபயம்’ என்று எழுதிவைப்பது கோயில் வழக்கம். கோயிலில் சாமி பார்த்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் அடக்கம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராதாமணி 1997 ஜூனில் அங்கே கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவள் படித்ததும் அங்கேதான். அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் நெஞ்சு கெட்டுப் படுக்கையில் விழுந்த வருஷம், சபை அவளுக்குச் படிக்கக் கட்டணமில்லாத இடமும் மதியச் சோறும் இரண்டு ஜோடிச் சீருடையும் கொடுத்தது. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஒத்தக்கடையில் புதிதாக வந்த ஒரு மெட்ரிக் பள்ளி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும், சோறு போட்ட இடத்தில் நாலு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இங்கே வந்தாள். இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம். அது முடியும்போது நிர்வாகக் குழு கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரமாகும். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

முதல் நாள் செயலாளர் ராஜாராமன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தையற்காரரைப் போல எப்போதும் கழுத்தில் அங்குல நாடா போட்டிருப்பார். பள்ளியில் எந்தப் பெயரும் எந்தப் பெயரைவிடவும் பெரிதாகிவிடாமல் அளந்து பார்ப்பது அவருடைய முக்கியமான வேலை.

“உக்காரும்மா. உன்னைப் பதிவேட்டுல ஒரு தடவை சரிபார்த்துண்டுடறேன்.”

“ஆசிரியர் பதிவேட்டுலயா சார்?”

“அதெல்லாம் அப்பறம். அதுக்கு முன்னாடியே நீ உபயப் பதிவேட்டுல இருக்கே. பக்கம் நூத்திப் பன்னெண்டு.”

அவர் திருப்பிக் காட்டினார். ‘ஹார்மோனியப் பெட்டி – 1’ என்பதற்கும் ‘தகர டிரம் – 2’ என்பதற்கும் நடுவில் ‘ராதாமணி – 1’ என்று எழுதியிருந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உபயம் ஹரிராம், புடவை வியாபாரம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உபயம் நல்லகாமன், செங்கல் சூளை. கடைசிக் கட்டத்தில் ‘பொருளின் தற்போதைய நிலை’ என்று ஒரு தலைப்பு. ஹார்மோனியத்துக்கு ‘பழுது’ என்று இருந்தது. செயலாளர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘பயன்படும் நிலையில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஹரிராம் சபையின் தலைவர். நல்லகாமன் துணைத் தலைவர். செயலாளரோடு சேர்த்து இந்த மூன்று பேர்தான் நிர்வாகக் குழு. அடுத்த வாரம் குழு கூடி, ராதாமணிக்கு ஒரு பித்தளை வில்லை செய்து மாட்டுவது என்று முடிவெடுத்தது. அதில் யார் பெயர் முதலில் என்பதில் தகராறு வந்தது.

“அஸ்திவாரம் போட்டது நானு. ஆறாப்பு இல்லாம எங்கிட்டு வரும் பன்னெண்டாப்பு?” என்றார் ஹரிராம்.

“அஸ்திவாரம் மண்ணுக்குள்ள கெடக்கும்ணே. அதை எவன் பாக்கான்? மாடியைத்தேன் அண்ணாந்து பாப்பாய்ங்க. பப்ளிக் பரீட்சை ரெண்டும் என் வருசத்துல எழுதுனது” என்றார் நல்லகாமன்.

செயலாளர் இரண்டு வில்லைகளாகச் செய்யச் சொல்லித் தீர்த்துவைத்தார். இடது தோளில் ஒன்று, வலது தோளில் ஒன்று. இடதுபுறம் இதயம் இருக்கிறது என்று யாரோ சொன்னதால் மாதம் ஒருமுறை இடம் மாற்றிக் குத்திக்கொள்ள வேண்டும் என்றும் தீர்மானத்தில் சேர்த்தார்கள். அவள் அப்படியே குத்திக்கொண்டாள். சேலை இரண்டு பக்கமும் இழுத்தது. பின்வரிசைப் பிள்ளைகள் வில்லையில் இருந்ததைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவளைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நல்லகாமன் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து செங்கல் வாங்க வருபவர்களை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கூட்டிவருவார். பாதிக் கணக்கில் அவளை வராந்தாவுக்குக் கூப்பிடுவார்.

“இந்தாத்தா, பதினேழு பதினெட்டு எம்புட்டு?”

“முந்நூத்தி ஆறு சார்.”

“பாத்தீகளா? பேப்பரும் இல்ல, பென்சிலும் இல்ல. அம்புட்டும் நம்ம சோறு!”

செங்கல் வாங்க வந்தவர்கள் சூளையின் தரத்தில் நம்பிக்கையோடு திரும்பிப் போனார்கள். ஹரிராம் பின்தங்கவில்லை. 1998 ஜூனில் தம் மகள் காவ்யஸ்ரீ கல்யாணத்தில், பள்ளி வேலை நாளில், மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினார். வந்தவர்கள் சந்தனம் தொட்டுக்கொண்டு வில்லையைப் படித்துவிட்டு உள்ளே போனார்கள். சாப்பிடப் போகலாமா என்று அவள் கேட்டபோது, கூட்டம் கலைந்தபிறகு போகலாம் என்றார்கள். அன்று பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் அவளுக்கு நான்கு பாடவேளைகள் இருந்தன.

1998 ஆகஸ்டில் நிறுவனர் நாள். இந்த முறை ராதாமணியின் அம்மாவும் மேடையேற வேண்டும் என்று செயலாளர் சொல்லியனுப்பினார். அம்மா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்தாள். மேடைக்குப் பின்னால் செயலாளர் அவளைத் தயார்செய்தார்.

“ஒண்ணுமில்லேம்மா. பட்டினி கெடந்தோம், சபைதான் காப்பாத்தித்துன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ.”

“பட்டினி எல்லாம் கெடக்கலைங்க. நான் காலையில இட்லிக் கடை போட்டேன், ராவுல ஜாக்கெட்டுக்கு ஹூக்கு வச்சேன். பொண்ணு படிப்புக்கு நீங்க செஞ்சீங்க, அதுக்குக் கும்புட்டுக்கிறேன்.”

“இட்லியை எல்லாம் சொல்லாதீங்கோ. இட்லி வந்துட்டா உபயம் நீர்த்துப் போயிடும்.”

அம்மா மேடையேறிக் கைகூப்பி நின்றாள். ஹரிராம் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். “இவங்களுக்கு வாய் வராது. நானே சொல்லிர்றேன். அன்னைக்கு இந்தச் சபை மட்டும் இல்லைன்னா இந்தம்மா பெரியார் பஸ் ஸ்டாண்டுல தட்டேந்திக்கிட்டு நின்னுருக்கும். இந்தப் புள்ள பக்கத்துல நின்னுருக்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லலை. நான் பெருமையை விரும்பாதவன்னு அந்தா, அந்தத் தூணுலயே எழுதியிருக்கு.”

கூட்டம் தூணைப் பார்த்துக் கைதட்டியது. தூணில் நான்கு அங்குல எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

விழா முடிவில் ராதாமணிக்கு ஒரு கௌரவம் அறிவிக்கப்பட்டது. இனிமேல் உபயப் பதிவேட்டை அவளே பராமரிப்பாள். “ஒரு உபயப் பொருளுக்கு இதைவிடப் பெரிய உயர்வு என்ன இருக்கு?” என்று செயலாளர் நெகிழ்ந்து கேட்டார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா சேலையை மாற்றி மடித்து வைத்தாள். பிறகு, வெளியில் பேசும் தமிழை விட்டு, வீட்டில் பேசும் தங்கள் மொழியில், “அந்த வேலை உனக்குக் கண்டிப்பாக வேண்டுமா?” என்று மட்டும் கேட்டாள். வேண்டும் என்றாள் ராதாமணி. படித்து வாங்கியது. அதை விட்டுவிட்டுப் போனால் இவர்கள் சொன்னதுதான் மிஞ்சும்.

அவள் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

1999 பிப்ரவரியில் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க மாவட்டக் கல்வி அலுவலர் வருவதாகக் கடிதம் வந்தது. செயலாளர் பரபரத்தார். “பேர் இல்லாத வஸ்து ஒண்ணுகூட இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கப்படாது. எல்லாத்தையும் கணக்கெடு.”

ராதாமணி நான்கு நாள் பள்ளி முழுக்க நடந்து கணக்கெடுத்தாள். பெயரில்லாதவை முப்பத்தொன்று இருந்தன. வரிசை எண் போட்டு முறையாகப் பட்டியல் எழுதிக் குழுக் கூட்டத்தில் வைத்தாள்.

“முப்பத்தொண்ணா!” நல்லகாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இம்புட்டு நாளா சும்மாவா கெடந்துச்சு? புதுசா எதுவும் வாங்கித் தரணுமாத்தா?”

“வேண்டாம் சார். எல்லாம் இங்கேயே இருக்கு. பேர் மட்டும்தான் இல்லை.”

செலவில்லாமல் பெயர் என்றதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“ஒண்ணுலருந்து பதினொண்ணு வரைக்கும் எனக்கு” என்றார் ஹரிராம். “தலைவர்ங்கிற முறையில.”

“அப்ப அடுத்த பதினொண்ணு எனக்கு. ஒண்ணு கொறைஞ்சாலும் ஒத்துக்கிற மாட்டேன்.”

செயலாளர் தொண்டையைச் செருமினார். “எனக்கு இதுவரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு ஆணியிலகூடப் பேர் கிடையாது. பாக்கி ஒன்பதை…”

“எடுத்துக்கய்யா. நீயும் மனுசன்தானே” என்றார் நல்லகாமன்.

எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. எழுத்து எத்தனை அங்குலம் என்று கேட்டார்கள். மூன்று அங்குலம், எல்லோருக்கும் சமம் என்றாள். ஹரிராமுக்கு மட்டும் லேசான சந்தேகம் வந்தது. “பொருளெல்லாம் உறுதிதானம்மா? நாளைக்கே காணாமப் போயிறாதே?”

“முக்காவாசி அஞ்சாறு வருஷமா இருக்கு சார். யாரும் அசைச்சதே இல்லை.”

பட்டியலுக்குப் பதிவேட்டில் தான் எழுதியிருந்த தலைப்பை அவள் உரக்க வாசித்தாள்: ‘கீழ்க்கண்டவை என்னால் உண்டானவை என்று மனமுவந்து ஒப்புக்கொள்கிறேன்.’ மொழிநடை நன்றாக இருக்கிறது என்று செயலாளர் பாராட்டினார். மூவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தர் முத்துக்கருப்பன் சபையின் முத்திரையைக் குத்தினார். குத்தும்போது மேலே இருந்த பட்டியலை அவர் படித்தார். பள்ளியில் எதையும் படித்துப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். அவர் ராதாமணியை ஒருமுறை பார்த்தார். பிறகு முத்திரை சரியாக விழவில்லை என்று இன்னொருமுறை அழுத்திக் குத்தினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓவியர் மொக்கையன் வண்ண டப்பாக்களோடு பள்ளியில் இருந்தார்.

“டீச்சர், இதுல ஒண்ணையும் காணோமே. வெறும் விரிசலாவுல இருக்கு?”

“அதேதாண்ணே. விரிசல் ஓரமாவே எழுதுங்க. மூணு அங்குலம்.”

மொக்கையன் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு பட்டியலை வாங்கிக் கடைசிவரை படித்தார். “ஊர்ல உள்ள கோயில் பூராம் எழுதியிருக்கேன் டீச்சர். இம்புட்டு நெசமா எங்கயும் எழுதுனதில்ல” என்றார். சிவப்பு வண்ணத்துக்குக் கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அலுவலர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கையில் சின்ன நோட்டுப் புத்தகம். பொன்னாடையை வாங்கி மடித்து நாற்காலியில் வைத்தார். செயலாளர் வரவேற்றுப் பேசினார்.

“அம்மா அவர்களே, மத்தப் பள்ளிக்கூடங்கள்ல ஒரு பொருளைக் காட்டி இதுக்கு யார் காரணம்னு கேட்டா, ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவா. இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இந்த வளாகத்துல எதைப் பார்த்தாலும் அதுக்கு யார் காரணம்ங்கறது அங்கேயே எழுதியிருக்கும். எழுதினது எல்லாத்துக்கும் குழுவோட கையெழுத்து இருக்கு, சபையோட முத்திரை இருக்கு. நாங்க எதையும் மறைக்கறவா இல்லை!”

அலுவலர் பதிவேட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். செயலாளர் முன்னால் நடந்தார். எழுத்து அளவைக் காட்டுவதற்காக நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் நூலகம். கதவில் புத்தம் புதிய எழுத்து: ‘புத்தக அலமாரிகளை மறைத்து வைத்துள்ள புடவைப் பெட்டிகள் – 64. உபயம்: ஹரிராம்.’ அலுவலர் பதிவேட்டில் பொருள் எண் இரண்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து மாணவியர் கழிவறை. ‘1994 முதல் பூட்டு. சாவி உள்ள இடம்: செயலாளர் வீடு. உபயம்: ராஜாராமன்.’ செயலாளரின் கை பழக்கத்தால் நாடாவை எழுத்தின்மேல் வைத்துவிட்டது. மூன்று அங்குலம் சரியாக இருந்தது.

“சாவி ஏன் உங்க வீட்டுல இருக்கு?”

“திறந்து வச்சா அழுக்காயிடும்மா. வர்ற பெரிய மனுஷா பாக்கறச்சே சுத்தமா இருக்கணுமேன்னுதான்…”

“இருநூத்திப் பத்து பொம்பளைப் பிள்ளைங்க என்ன செய்யறாங்க?”

“அவா பழகிண்டுட்டா.”

அதையும் அலுவலர் எழுதிக்கொண்டார்.

ஆய்வகத்துப் பக்கம் நல்லகாமன் மாலையும் கழுத்துமாக, தாமே ஏற்பாடு செய்த புகைப்படக்காரரோடு காத்திருந்தார். சுவரில் தம் பெயரைக் கண்டதும் மற்றதைப் படிக்க அவருக்குப் பொறுமையில்லை. “எம்புட்டு அம்சமா எழுதியிருக்காய்ங்க! எடுப்பா படத்த. பேரு விழணும், சொவரும் விழணும்.”

“சொவரு தானா விழும் சார்” என்றார் புகைப்படக்காரர். அவர் படித்துவிட்டார். ‘அரைவேக்காட்டுச் செங்கல்லால் ஆன விரிசல், தரையிலிருந்து கூரை வரை. உபயம்: நல்லகாமன்.’

கடைசியாகப் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு. கதவுக்கு மேல், பதினொன்று, பன்னிரண்டு என்ற இரண்டு பொருள் எண்களையும் சேர்த்து: ‘அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றவர் – 58க்கு 37. உபயம்: ஹரிராம், நல்லகாமன்.’

அலுவலர் திரும்பினார். “இந்த வகுப்புக்குக் கணக்கு யார்?”

“நான்தான் மேடம்.”

“நீங்க நடத்தி, பிள்ளைங்க தோத்து, பேர் மட்டும் அவங்களதா?”

ராதாமணி தன் பாடக்குறிப்பேட்டைத் திறந்து கொடுத்தாள். ஜூன் முதல் டிசம்பர் வரை அவள் வகுப்பில் இல்லாத பாடவேளைகள் நாற்பத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் தேதியும் அவள் இருந்த இடமும் எழுதியிருந்தன. செங்கல் சூளை. புடவைக் கடைத் திறப்பு. கல்யாண மண்டப வாசல், நான்கு பாடவேளை. அலுவலர் படித்து முடித்துவிட்டு முதல்முறையாக அவள் தோள்களைப் பார்த்தார்.

“இது என்ன?”

“நான் பதிவேட்டுல நூத்திப் பன்னெண்டாம் பக்கம் மேடம். ஹார்மோனியத்துக்குக் கீழே.”

அலுவலர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அவரே இரண்டு வில்லைகளின் ஊசியையும் கழற்றி, தம் கைப்பையில் ஆதாரம் என்று போட்டுக்கொண்டார்.

ஹரிராம் இதற்குள் கத்த ஆரம்பித்திருந்தார். “இது எதுவும் எங்களுக்குத் தெரியாதும்மா! இந்தப் புள்ள ஏமாத்தி வாங்கிருச்சு!”

“அப்ப படிக்காமலே கையெழுத்துப் போடுவீங்களா? அப்படின்னா சபைக் கணக்குலயும் நீங்க போட்ட கையெழுத்தையெல்லாம் நான் பார்க்கணுமே.”

“இல்லல்ல, படிச்சுத்தேன் போட்டோம்” என்றார் நல்லகாமன் அவசரமாக. செயலாளரும் தலையசைத்தார்.

அலுவலரின் அறிக்கை பத்து நாளில் வந்தது. அங்கீகாரம் ஒரு வருஷத்துக்கு மட்டும். பதிவேட்டில் யார் பெயரில் எது இருக்கிறதோ அதை அவரே சரிசெய்ய வேண்டும். ஆசிரியை ராதாமணியின் தகுதிகாண் பருவம் மே 31இல் முடிகிறது. அதற்குள் அவரை நீக்குவதானால், காரணத்தையும் பொறுப்பேற்பவர் பெயரையும் குறிப்பிட்டு ஆணை வர வேண்டும். வராவிட்டால் பணி நிரந்தரமானதாகக் கொள்ளப்படும்.

பெயரை அழித்துவிடும்படி மூவரும் தனித்தனியாக ராதாமணியிடம் ஆள் விட்டார்கள். அவள் சபை விதியைக் காட்டினாள்: பொருள் இல்லாமல் போனால்தான் பெயரை நீக்கலாம். இரண்டே வாரத்தில் நல்லகாமன் சுவரை இடித்து நல்ல செங்கல்லில் கட்டினார். ஹரிராமின் கடை ஆட்கள் அறுபத்துநான்கு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். செயலாளர் ஆட்டோவில் வந்து தம் கையாலேயே கழிவறைப் பூட்டைத் திறந்தார். முதல் பிள்ளை உள்ளே போகும்வரை, பெயரை அழிக்க மொக்கையனும் அவரும் வெளியே நின்றார்கள். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவின் பெயர்கள் மட்டும் அழியவில்லை. பொதுத்தேர்வில் பதினோரு பேர் தோற்றார்கள் என்பதால் எண்ணை மட்டும் மாற்றினார்கள்.

மே இருபத்தொன்பதாம் தேதி குழு கூடி ராதாமணியை நீக்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. காரணம்: நன்றியின்மை. முத்துக்கருப்பன் தட்டச்சு செய்து கொண்டுவந்து வைத்தார்.

“கீழே பொறுப்புன்னு யார் பேரைப் போடணும்ணே?”

“தலைவர்தான் போடணும்” என்றார் செயலாளர்.

“நானா? நிர்வாகம் பாக்குறது நீங்க. நீங்க போடுங்க” என்றார் ஹரிராம்.

“நேக்கு பென்ஷன் இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா? நல்லகாமன், நீங்கதான் தைரியசாலி.”

“ஏன்ணே, நான் ஒருத்தன்தான் ஒங்களுக்கு இளிச்சவாயனா? அவ அந்தத் தாளை வச்சு என்னத்தப் பண்ணுவான்னு எவனுக்குத் தெரியும்?”

தாள் மேசையைச் சுற்றி மூன்றுமுறை வந்தது. நான்காவது சுற்றில் ஹரிராமுக்கு ரத்த அழுத்தம் கூடியது. மே முப்பத்தொன்று குழு மறுபடியும் கூடியது. அன்று மாலை ஐந்தரைக்கு முத்துக்கருப்பன் வெளியே வந்தார். ராதாமணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

“யாரும் போடலை டீச்சர். மூணு பேரும் பின்வாசல் வழியாப் போயிட்டாய்ங்க. இதைக் கிழிச்சிரவா?”

“வேண்டாண்ணே. எங்கிட்டக் குடுங்க.”

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. ராதாமணி இப்போது முதுநிலை ஆசிரியை. ஒவ்வொரு மே மாதமும் கடைசி வாரத்தில் அவள் அந்த ஆணையின் நகலை உறையில் போட்டுக்கொண்டு மூன்று வீடுகளுக்கும் நடந்து போவாள். சபையின் முடிவு நிறைவேறாமல் கிடக்கிறது, ஒரு கையெழுத்துத்தான் பாக்கி என்று பணிவாகச் சொல்வாள். ராஜாராமன் வீட்டில் அவர் பூஜையில் இருப்பதாகச் சொல்வார்கள். ஹரிராம் போன வருஷம் திருப்பதிக்கே போய்விட்டார். நல்லகாமனின் மனைவி சுந்தரம்மாள்தான் பாவம், வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்து, “அவுக ஊர்ல இல்லத்தா” என்று கதவைப் பார்த்தபடி சொல்வாள்.

உள்ளே இருமல் கேட்கும்.

“பரவால்லக்கா. இருந்து பாத்துட்டே போறேன்” என்பாள் ராதாமணி. நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொள்வாள். அவளுக்குக் கோடை விடுமுறை.